பங்காளிகள்

ஸ்டேக்ஹோல்டர் என்றால் பங்குதாரர் என்று
அலுவலகத் தாளில் போட்டிருந்தது.
என் குறிப்பேட்டில் பங்காளி என்று மாற்றிக்கொண்டேன்.
காய்ச்சலும் அதில் அடங்கும்.

பினாங்கு, பர்மா ரோடு, ஐந்து மாடி மருத்துவமனை.
காலை பத்துக்குக் காலியாகும் கட்டிலில்
அடுத்தவர் படுக்க மாலை நான்கு ஆகிறது.
நடுவில் ஆறு மணி நேரத்தைத் தின்றது யார்?
கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாத ஒப்பந்தம்.

கணக்குப் பிரிவு மேடம் கூ சுவீ லான் சொன்னார்:
மருந்தகம்தான்.
மருந்தகத்து ஹஃபீஸ் சொன்னார்:
டாக்டர் கையெழுத்து வந்தால்தானே.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
அறுவைக் கூடத்துக்கும் மின்தூக்கிக்கும் நடுவில்
அவர் எனக்குத் தந்தது பதினொரு விநாடி,
அதில் ஏழு கைப்பேசிக்குப் போனது.

எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன்.
அது என் பிழை.
கரிபாப் தட்டு தொடப்படாமல் ஆறியது.
ஒன்பது பேரும் "ஓகே லா" என்றார்கள்.
அத்தனை பேரும் ஓகே என்றால்
ஒருவருக்கும் ஓகே இல்லை என்பது
எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஒவ்வொருவராக.
மேடம் கூவிடம் எண்களோடு மட்டும்.
ஹஃபீஸிடம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
அவர் சட்டை கசங்காமல் திரும்பி வந்த பின்.
சிஸ்டர் அமிர்தவல்லியிடம்
"பசியாறிட்டீங்களா" என்று தொடங்காமல்
ஒரு படிவத்தையும் நீட்ட முடியாது.
கேட்டதைக் கேட்டபடி எழுதி
அன்று மாலையே அனுப்புவேன்:
நீங்கள் சொன்னது இதுதானா?
ஆமாம் என்று வந்தவற்றை அடுக்கி வைத்தேன்.
இல்லை என்று வந்தவைதான் உதவின.

சுவரில் நான்கு கட்டங்கள்.
மேலே போகப் போக அதிகாரம், வலப்பக்கம் அக்கறை.
மஞ்சள் தாள்களில் பெயர்கள்.
டாக்டரின் தாள் மட்டும்
ஏர்கான் காற்றில் தினமும் விழுந்தது.
பொறுக்கிப் பொறுக்கி ஒட்டினேன்.

ஒரு நாள் பதினொன்றரைக்கு வார்டில் நின்றிருந்தேன், சும்மா.
ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையிலிருந்து
வாளியும் துடைப்பமுமாக ஒரு பெண் வெளியே வந்தாள்.
கதவுக் குமிழில் ஓர் இளஞ்சிவப்புத் துணியைக் கட்டினாள்.
என்னைப் பார்த்து,
"சுடா சியாப்."
ஆயிற்று, அறை தயார்.
பெயர் சுமர்னி, ஊர் மேடான்.
துப்புரவு வேறு கம்பெனியின் குத்தகை,
அதனால் என் பட்டியலில் இல்லை.

தாதியர் அந்தத் துணியைப் பார்த்தார்கள்.
சாப்பாட்டு வண்டி அந்தத் துணியைப் பார்த்தது.
கணினியை யாரும் பார்க்கவில்லை.
பதிவு முகப்பு இருப்பது மூன்று மாடி கீழே.
துணி அங்கிருந்து தெரியாது.

புதிதாக ஒரு மஞ்சள் தாள் எழுதினேன்.
எங்கே ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை.
அக்கறைக் கட்டம் சரி.
அதிகாரம்?
அவள் முடிச்சுப் போடும் வரை
ஒரு தலையணை நகர்வதில்லை அந்த மாடியில்.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்தேன்.
"இவர் யார்?" என்றார் மேடம் கூ.
குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் என்னை முறைத்தார்.
சுமர்னி நாற்காலியின் நுனியில்,
கையுறையைக் கழற்றலாமா என்ற யோசனையில்.
அப்போது டாக்டர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்:
"நானும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் ரவுண்ட்ஸ் போகிறேன்."
அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.
தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

இப்போது கதவோரம் ஒரு பொத்தான்.
ஆறு மணி நேரம் மூன்றேமுக்கால் ஆகியிருக்கிறது.
மிச்சத்துக்கு ஹஃபீஸ் டாக்டரைச் சொல்கிறார்,
டாக்டர் மின்தூக்கியில் இருக்கிறார்.

கடைசி நாள் மாடிக்குப் போனேன்.
சுமர்னி பொத்தானை அழுத்தினாள்,
பச்சை விளக்கு வந்ததா என்று பார்த்தாள்.
பிறகு பையிலிருந்து துணியை எடுத்துக் குமிழில் கட்டினாள்,
இரட்டை முடிச்சாக.